வேலூர்ப் பக்கத்துக் குடும்பங்கள் டி.என்.ஏ வழியாக வம்சம் தேடும் முறை

சோதனைக் கிட் வாங்குவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கேள்வியை எழுதி வையுங்கள். “நாம் எங்கிருந்து வந்தோம்?” என்று பொதுவாகக் கேட்டால் ஒரு வண்ணப் படமும் நான்கு சதவீத எண்களும்தான் கைக்கு வரும். “போளூர்ப் பக்கத்தில் நம் குலதெய்வத்துக்கே பொங்கல் வைக்கிறவர்கள் நம் பங்காளிகள்தானா?”, “தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் தம்பிக்கு வாரிசு உண்டா?”, “அம்மாவைப் பெற்ற பாட்டியின் வழி எவ்வளவு பழைய கிளை?” என்று கேட்டால், எந்தச் சோதனை, யாருடைய எச்சில் என்பது உடனே முடிவாகிவிடும். பணம் வீணாவது பெரும்பாலும் தவறான ஆளைச் சோதித்துத்தான்.

விற்பனையில் இருப்பவை மூன்று வகை. ஒய் சோதனை, ஆண்களிடம் மட்டும் உள்ள ஒய் குரோமோசோமைப் பார்ப்பது. அது அப்பாவிடமிருந்து மகனுக்கு ஏறக்குறைய அப்படியே இறங்கும். இரண்டாவது மைட்டோகாண்ட்ரியா சோதனை. தாயிடமிருந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் போகும் 16,569 எழுத்து நீளமுள்ள சிறு வளையத்தை இது படிக்கும். மகனுக்கும் அது கிடைக்கும், ஆனால் அவன் பிள்ளைகளுக்குப் போகாது. மூன்றாவது ஆட்டோசோமல். மீதி 22 ஜோடி குரோமோசோம்களில் ஆறேழு லட்சம் இடங்களைத் தொட்டுப் பார்க்கும் மலிவான சோதனை இது. எல்லா முன்னோரும் இதில் கலந்திருப்பார்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பங்கு பாதியாகிக்கொண்டே போவதால் ஐந்தாறு தலைமுறைக்கு மேல் குறிப்பிட்ட ஒரு முன்னோரை இதில் பிடிக்க முடியாது.

யாரைச் சோதிப்பது

இந்த இடத்தில் நம் உறவுமுறை பாதி வேலையை ஏற்கெனவே செய்து வைத்திருக்கிறது. பங்காளி என்று யாரைச் சொல்கிறோமோ அவர்கள் எல்லோரிடமும் இருக்க வேண்டியது ஒரே ஒய். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான் இனிஷியல், அதுவும் ஒவ்வொரு தலைமுறைக்கும் மாறும். அதனால் மேல்நாட்டார் குடும்பப் பெயரை வைத்து நடத்தும் தேடல் நமக்கு உதவாது. அந்த இடத்தில் குலதெய்வத்தை வையுங்கள். தெலுங்கு பேசும் குடும்பமானால் இண்டிப் பெயரையும் (வீட்டுப் பெயர்) கோத்திரத்தையும் சேர்த்து வையுங்கள்.

பெண்ணுக்கு ஒய் இல்லை. தன் பிறந்த வீட்டு வழியை அறிய விரும்பும் பெண் அப்பாவையோ, அண்ணன் தம்பியையோ, பெரியப்பா சித்தப்பா மகனையோ சோதிக்கலாம். அம்மாவின் அப்பா வழிக்கு ஒய் தர வேண்டியவர் தாய்மாமன். அவர் இல்லையென்றால் மாமன் மகன். அப்பாவைப் பெற்ற பாட்டியின் தாய்வழி தெரிய வேண்டுமானால் அப்பா, இல்லையென்றால் அத்தை, அவரும் இல்லையென்றால் அத்தை பெற்ற பிள்ளைகள் யாராவது. அம்மாவின் அப்பாவைப் பெற்றவளின் தாய்வழிக்குத் தாத்தாவையோ தாத்தாவின் அக்கா தங்கை பெற்ற பிள்ளைகளையோ தேடிப் போக வேண்டும்.

அக்கா மகளைக் கட்டிய வீடு என்றால் செலவு ஒன்று மிச்சம். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒன்றேதான். எனவே அப்பா, அம்மா இருவரின் தாய்வழிக்கும் ஒரே சோதனை போதும்.

வயதானவரை முதலில் சோதியுங்கள். எண்பது வயதுப் பாட்டியின் மாதிரி பேரனுடையதைவிட இரண்டு தலைமுறை முன்னால் நிற்கிறது. பேரனை அடுத்த வருடமும் சோதிக்கலாம்.

எழுத்தில் இருப்பதை முதலில் திரட்டுங்கள்

டி.என்.ஏ பொருத்தம் பெயர் சொல்லாது. பெயர் காகிதத்தில்தான் இருக்கும். நிலப் பத்திரத்தில் “இன்னார் குமாரர் இன்னார்” என்று இரண்டு தலைமுறை ஒரே வரியில் கிடைக்கும். வில்லங்கச் சான்று போட்டுப் பழைய பத்திர எண்களைப் பிடிக்கலாம். கருமாதிப் பத்திரிகையைக் குறைவாக எடைபோடாதீர்கள். பங்காளிகள், சம்பந்திகள், ஊர்ப் பெயரோடு வரிசையாக அச்சாகியிருக்கும் ஆவணம் அதுபோல் வேறில்லை. கிறிஸ்தவக் குடும்பமானால் ஞானஸ்நானப் பதிவேடு. இந்தப் பக்கம் 1853 முதல் ஆற்காடு மிஷன் இயங்கியது. இஸ்லாமியக் குடும்பமானால் ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர், அதாவது திருமணப் பதிவேடு.

மாவட்ட எல்லை மாறியதைக் கவனிக்காமல் தேடிச் சோர்ந்து போகிறவர்கள் உண்டு. 1911 வரை வட ஆற்காடு ஜில்லாவின் தலைநகர் சித்தூர். அந்த ஆண்டில்தான் சித்தூர் தனி மாவட்டமானது. திருத்தணி 1960இல்தான் தமிழ்நாட்டுப் பக்கம் வந்தது. 1989இல் திருவண்ணாமலை பிரிந்தது, 2019இல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. ஆகவே “வட ஆற்காடு” என்று 1900ஆம் ஆண்டுத் தாளில் இருந்தால் அந்த ஊர் இன்று ஆந்திராவில் இருக்கக்கூடும்.

எச்சில் எடுப்பது

கிட்கள் இரண்டு வகை. குழாயில் துப்புவது ஒன்று, கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்ப்பது இன்னொன்று. துப்பும் குழாய்க்குக் கோடு வரை, பொதுவாக 2 மில்லி அளவு, எச்சில் வேண்டும். நுரை கணக்கில் சேராது. நுரையைக் கோடு வரை காட்டி மூடிவிட்டால் அளவு போதவில்லை என்று திரும்பி வரும். வாய் வறண்ட முதியவருக்குக் கால் மணி நேரம் ஆகும். வெளிக் கன்னத்தை மெல்லத் தேய்த்துவிட்டால் ஊறும். அவர்களுக்குப் பஞ்சுக் குச்சி கிட்டே நல்லது.

எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி, சாப்பாடு, பீடி எதுவும் கூடாது. வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிறவர்களுக்கு அரை மணி போதாது. முந்தின இரவே நிறுத்தச் சொல்லி, காலையில் பல் துலக்கி, நன்றாகக் கொப்பளித்து, ஒரு மணி நேரம் கழித்து எடுங்கள். எச்சிலில் பாக்குத் துகளும் சுண்ணாம்பும் கலந்தால் ஆய்வகத்தில் டி.என்.ஏ சரியாகப் பிரியாது. பஞ்சுக் குச்சியானால் ஒரு கன்னத்துக்கு ஒரு குச்சி, ஒவ்வொன்றும் முக்கால் நிமிடத்துக்குக் குறையாமல், சுழற்றிக்கொண்டே தேய்க்க வேண்டும். நாக்கில் தொட்டு எடுப்பது பயனில்லை. வேண்டியது கன்னத்து செல்கள்.

எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை செய்துகொண்டவரிடம் மாதிரி எடுக்காதீர்கள். எச்சிலில் இருக்கும் வெள்ளணுக்கள் கொடுத்தவருடையவை, அதனால் அவருடைய வம்சம்தான் பெருமளவு பதிவாகும். அந்தச் சிகிச்சை வேலூரிலேயே நடக்கிறது என்பதால் இங்கே கேட்டுத் தெளிந்துகொள்வது அவசியம்.

மூடியில் உள்ள நீலத் திரவமோ சீசாவில் உள்ள திரவமோ எச்சிலைக் கெடாமல் காப்பது. அது கலந்த பின் சாதாரண அறை வெப்பத்தில் பல வாரம் தாங்கும். கலக்காத ஈரக் குச்சியைப் பிளாஸ்டிக் உறையில் மூடி வைத்தால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும். கத்திரி வெயிலில் காரின் டேஷ்போர்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவதும் அப்படியே. முடிந்தால் மார்கழி, தையில் எடுங்கள்.

குலதெய்வக் கோயிலில் எல்லோரும் கூடும் நாளில் ஒரே மூச்சில் ஆறேழு பேரிடம் எடுக்கத் தோன்றும். எடுக்கலாம், ஆனால் ஒரு நேரத்தில் ஒரு கிட்டை மட்டும் திறங்கள். குழாயின் பார்கோடு எண், பெயர், உங்களுக்கு என்ன முறை, பிறந்த ஊர், அம்மாவின் ஊர் என்று நோட்டில் எழுதி, மூடி உறையிலிட்ட பிறகே அடுத்தவரைக் கூப்பிடுங்கள். இரண்டு குழாய் மாறிப் போனால் சித்தப்பா அப்பாவாகிவிடுவார்.

எங்கே கொடுப்பது

ஒய்யையும் மைட்டோகாண்ட்ரியாவையும் தனித்தனியாக ஆழமாகப் படித்துத் தருவதில் ஃபேமிலிட்ரீ டி.என்.ஏ என்ற நிறுவனம் முன்னே நிற்கிறது. பங்காளிக் கேள்விக்கு ஒய்யில் 37 குறிகளை, அதாவது ஒப்பிடத் தேர்ந்தெடுத்த 37 இடங்களை, பார்க்கும் அதன் சோதனையில் தொடங்கலாம். 12 குறி மட்டும் பார்க்கும் பழைய சோதனைகள் எதையும் நிரூபிக்காது. தமிழ்நாட்டில் அதே 12 குறி பல்லாயிரம் பேருக்கு ஒத்துப் போகும். பிக் ஒய் என்ற விலை உயர்ந்த சோதனை ஒய்யைக் கோடிக்கணக்கான எழுத்து அளவுக்கு வரிசையாகப் படித்து, ஏறக்குறைய மூன்று தலைமுறைக்கு ஒன்று என்ற அளவில் புதிய மாற்றங்களைக் காட்டும். இதை எல்லோருக்கும் எடுக்க வேண்டாம். 37இல் ஒத்துப் போனவர்களில் தூரத்துக் கிளைக்காரர் இருவருக்கு மட்டும் எடுங்கள். மைட்டோகாண்ட்ரியாவில் முழு வரிசை மட்டுமே வாங்கத் தகும். நம்மிடம் மிகுதியாக உள்ள “எம்” (M) என்ற தாய்வழிக் கிளையின் உட்பிரிவுகளைப் பிரித்துக் காட்டும் குறிகள் பெரும்பாலும் முழு வரிசையில்தான் தென்படும்.

எந்த நிறுவனமானாலும் பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை: வேலூர் முகவரிக்குக் கிட் அனுப்புவார்களா, திரும்பிப் போகும் கூரியர் செலவு யாருடையது, சோதனையில் படித்த எழுத்துகள் அடங்கிய மூலக் கோப்பைப் பதிவிறக்கத் தருவார்களா. மூன்றாவதற்கு “இல்லை” என்றால் விட்டுவிடுங்கள். அந்தக் கோப்பு இல்லாமல் முடிவை வேறெங்கும் ஒப்பிட முடியாது.

பங்காளிச் சோதனையைப் படிப்பது

37 குறியில் வித்தியாசம் 0, 1 அல்லது 2 என்றால் இருவரும் சில நூற்றாண்டுக்குள் ஒரே தாத்தா வழி என்று கொள்ளலாம். 3, 4 என்றால் 111 குறிக்கு உயர்த்திப் பாருங்கள். ஹாப்ளோகுழு எனப்படும் வம்சப் பெருங்கிளையே வேறு என்றால், உதாரணமாக ஒருவர் எச்-எம்69, மற்றவர் ஆர்2-எம்124 என்றால், அந்த இரு ஆண்வழிகளும் பிரிந்து பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன.

அப்படி வந்தவுடன் யார் மேலும் சந்தேகப்படாதீர்கள். வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவரின் பிள்ளைகள் தாய்வீட்டுக் குலதெய்வத்தையே கும்பிட்டிருப்பார்கள். சுவீகாரம் எடுத்திருப்பார்கள். பஞ்சத்தில் பிழைக்க வந்த குடும்பத்தைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டதும் உண்டு. ஒரு கிளையில் இருந்து ஒருவரை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கிளையிலும் இன்னொருவரைச் சோதித்து, மாற்றம் எந்தத் தலைமுறையில் நுழைந்தது என்று கண்டுபிடியுங்கள். பாகப்பிரிவினைக்கோ வாரிசு வழக்கிற்கோ இந்த முடிவு செல்லாது. மாதிரி யாருடையது என்பதற்கு வீட்டில் எடுத்த எச்சிலுக்குச் சாட்சி இல்லை. சாதியையும் இது சொல்லாது, ஒரே ஹாப்ளோகுழு பல சாதிகளிலும் பழங்குடிகளிலும் பரவிக் கிடக்கிறது.

சென்டிமார்கன் கணக்கு நம்மிடம் ஏன் பிசகுகிறது

ஆட்டோசோமல் சோதனையில் இருவர் எவ்வளவு டி.என்.ஏவைப் பகிர்கிறார்கள் என்பதைச் சென்டிமார்கனில் சொல்வார்கள். பெற்றோர், பிள்ளை என்றால் 3,400க்குச் சற்று மேல். பெரியப்பா பிள்ளை, அத்தை பிள்ளை போன்ற ஒன்றுவிட்ட உறவுக்குச் சராசரி 870 அளவு, ஆனால் 400 முதல் 1,400 வரை எதுவும் வரலாம். இரண்டுவிட்டதற்கு 230, மூன்றுவிட்டதற்கு 70 அளவு. இந்த எண்கள் சொந்தத்தில் மணம் செய்யாத மேல்நாட்டுக் குடும்பங்களைப் பார்த்துப் போட்டவை.

நம் பக்கம் மாமன் மகள், அத்தை மகள், அக்கா மகள் என்று தலைமுறை தலைமுறையாகக் கட்டியிருப்பதால் ஒரே முன்னோரிடமிருந்து இரண்டு மூன்று வழியில் டி.என்.ஏ வந்து சேரும். மூன்றுவிட்ட உறவு என்று நிறுவனம் காட்டுகிறவர் உண்மையில் ஐந்து தலைமுறை தள்ளியிருப்பார். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடுகளில் இது இன்னும் சிக்கலாகும். அந்த இரு தம்பதிகளின் பிள்ளைகள் கால் பங்கு, அதாவது 1,700 சென்டிமார்கன் அளவு பகிர்வார்கள். மென்பொருள் அவர்களை “ஒரு பெற்றோர் பொதுவான சகோதரர்” என்று எழுதிவிடும். குடும்பத்தில் கலகம் வராமல் இருக்க, குரோமோசோமின் இரண்டு பிரதிகளும் ஒத்துப் போகும் பகுதி உண்டா என்று மூலக் கோப்புகளை ஏற்றி ஒப்பிடும் ஜெட்மேட்ச் தளத்தில் பாருங்கள். ஒரு பெற்றோர் மட்டும் பொதுவானவர்களுக்கு அது வராது. கொடுத்து வாங்கிய வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆறு சதவீத அளவில் இருக்கும், உடன்பிறந்தவர்களுக்குக் கால் பங்கு.

அதே தளத்தில் உங்கள் பெற்றோர் சொந்தக்காரர்களா என்று பார்க்கும் கருவி ஒன்று உண்டு. ஒன்றுவிட்ட உறவில் மணம் என்றால் ஒரே மாதிரி இரட்டித்த பகுதி மொத்தம் 220 சென்டிமார்கன் அளவு வரும். தாய்மாமன், அக்கா மகள் என்றால் 440 அளவு. அதற்கும் மேலே போனால் தாத்தா பாட்டி காலத்திலும் சொந்தத்தில் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இதை முதலில் தெரிந்துகொண்டு பிறகு உறவுப் பட்டியலைப் படியுங்கள்.

பட்டியலைப் படிக்க ஒரு நடைமுறை விதி: மொத்தத்தை விட்டுவிட்டு மிக நீளமான ஒற்றைத் துண்டைப் பாருங்கள். 7 சென்டிமார்கனுக்குக் கீழ் உள்ளவை குப்பை. 10, 12 அளவில் பல துண்டுகள் இருப்பது ஒரே சமூகம் என்பதை மட்டுமே காட்டும். 25, 30க்கு மேல் ஒரு துண்டாவது இருந்தால் தொடர்புகொள்ளலாம்.

சமூகத்துக்குள்ளேயே மணம் செய்வது உடல்நலத்திலும் தடம் விட்டிருக்கிறது. 2017இல் வெளியான ஆய்வு ஒன்று 263 தெற்காசியக் குழுக்களைப் பார்த்தது. அவற்றில் 81 குழுக்களில், சிறு எண்ணிக்கை முன்னோரிடமிருந்து பெருகிய தடம் அஷ்கெனாசி என்ற ஐரோப்பிய யூதர்களிடமும் ஃபின்லாந்துக்காரரிடமும் உள்ளதைவிட ஆழமாக இருந்தது. ஆரிய வைசியரிடம் பியூட்டிரைல்கோலினெஸ்டெரேஸ் என்ற நொதிக் குறைபாடு மிகுதி. அதனால் மயக்கம் தரும்போது தசையைத் தளர்த்தப் போடும் சக்சினைல்கோலின் என்ற மருந்தின் விளைவு அளவுக்கு மீறி நீடிக்கும். அறுவை சிகிச்சைக்கு முன் மயக்க மருத்துவரிடம் சொல்ல வேண்டிய செய்தி அது.

கடல் கடந்த உறவு

வேலூர்க்காரருக்கு மேல்நாட்டுத் தளங்களில் கிடைக்கும் பொருத்தங்களில் தென்னாப்பிரிக்கா, மொரீஷியஸ், ஃபிஜி, மலேசியாப் பெயர்களைத் தவறாமல் பாருங்கள். ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களில் வட ஆற்காட்டார் ஏராளம். நேட்டாலுக்கு 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் போனார்கள், பெரும் பகுதி சென்னைத் துறைமுகம் வழியாக. ஃபிஜிக்குச் சென்னையிலிருந்து கப்பல் 1903இல் தொடங்கியது. நேட்டால் கப்பல் பட்டியலில் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு வரை இருக்கும். மொரீஷியஸ் பதிவேடுகளும் புகைப்படங்களும் மோக்கா ஊரில் உள்ள மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. வாலாஜா, குடியாத்தம், பேரணாம்பட்டு போன்ற பெயர்களை எழுத்தர் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஐந்தாறு வடிவத்தில் தேடுங்கள்.

எழுதும் முதல் கடிதத்தில் எண்களை விளக்காதீர்கள். அவர்களிடம் கூலி எண், அதாவது பதிவேட்டில் ஒவ்வொரு கூலிக்கும் இட்ட எண், இருக்கிறதா என்று கேளுங்கள். அந்த எண் கிடைத்தால் கப்பலும் கிராமமும் கிடைத்துவிடும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் ஊரில் இப்போது யார் இருக்கிறார்கள் என்பதுதான். அதற்குக் கருமாதிப் பத்திரிகை உதவும்.

பழைய இடப்பெயர்ச்சி

உங்கள் ஹாப்ளோகுழு எழுத்து, பல்லாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரே ஒரு முன்னோரைத்தான் காட்டுகிறது. பத்துத் தலைமுறை முன்னால் உங்களுக்கு 1,024 முன்னோர் இடங்கள். ஒய்யும் மைட்டோகாண்ட்ரியாவும் சேர்ந்து அவற்றில் இரண்டைத்தான் சொல்கின்றன.

மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தின் ராமசாமி பிச்சப்பன் குழு, உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கம் ஊரில் எம்130 குறியைக் கண்டது பலருக்கு நினைவிருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து தெற்காசியக் கடற்கரை வழியே ஆஸ்திரேலியா வரை போன தொடக்க கால அலையோடு அந்தக் குறியைச் சேர்த்துப் பேசுவார்கள். தமிழ்நாட்டில் அது சிலரிடமே உண்டு. உங்களுக்கு எச், எல், ஆர்2, ஜே2, ஆர்1ஏ, எஃப் என்று எது வந்தாலும் வியப்பில்லை. இதே குழுவினர் 2012இல் தமிழ்நாட்டின் 31 சமூகங்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் ஒய்யை ஆராய்ந்து, ஆண்வழி வேறுபாடுகள் சாதி அமைப்புக்கு முந்தியவை, வேளாண்மைப் பரவலோடு ஒட்டியவை என்று எழுதினார்கள். தாய்வழியில் எம்2, யு2, ஆர்30 போன்றவை வந்தால் அவை இந்தத் துணைக்கண்டத்திலேயே மிக நெடுங்காலம் கிளைத்தவை.

ஆட்டோசோமல் பக்கம், இன்றைய தமிழர் பெரும்பாலோரின் டி.என்.ஏ இரண்டு பெரிய ஊற்றுகளில் இருந்து வந்தது: தொன்மையான தென்னிந்திய வேட்டைச் சமூகம், சிந்துவெளிக் காலத்து மக்களோடு நெருங்கிய ஈரான் சார்ந்த வம்சம். யூரேசியப் புல்வெளிப் பகுதியிலிருந்து வந்த மூன்றாவது ஊற்றின் பங்கு குழுவுக்குக் குழு ஏறி இறங்கும். அது தெற்காசியாவுக்குள் வந்தது கி.மு. 2000க்கும் 1500க்கும் இடையில் என்று 2019 ஆய்வு கணித்தது. கலப்பு நடந்த காலம் இன்றைக்கு 4,200 முதல் 1,900 ஆண்டுகளுக்கு முன் என்று 2013 ஆய்வு சொன்னது. அதற்குப் பின் சமூகத்துக்குள்ளேயே மணம் என்ற வழக்கம் இறுகியது.

திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையம்பள்ளியில் புதிய கற்காலத்திலேயே மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் உங்கள் முன்னோரா என்று எந்தக் கிட்டாலும் சொல்ல முடியாது, ஒப்பிட அங்கிருந்து டி.என்.ஏ வேண்டும். வெப்பமான மண்ணில் அது எலும்பில் அரிதாகவே நிலைக்கும். ஹரியானாவில் உள்ள சிந்துவெளிக் கால ஊரான ராக்கிகடியில் 61 மாதிரிகளை முயன்று ஒரே ஒரு பெண்ணிடமிருந்துதான் எடுக்க முடிந்தது.

வம்சச் சதவீதம் போடும் ஹரப்பாவேர்ல்ட் கணிப்பானை ஜெட்மேட்சில் ஓட்டினால் “தென்னிந்திய” பங்கு முதலிலும் “பலூச்” இரண்டாவதாகவும் வருவது வழக்கம். பலூச்சிஸ்தானில் தாத்தா இருந்தார் என்று அதற்குப் பொருளில்லை, கணித மூட்டைக்கு வைத்த பெயர் அது. விஜயநகரக் காலத்தில் ஆந்திராவிலிருந்து வந்தோம் என்ற தெலுங்குக் குடும்பத்தின் சொல்லையும் சதவீதத்தால் சோதிக்க முடியாது. இரு பக்கமும் அதே ஊற்றுகள். ஆந்திராவில் அதே இண்டிப் பெயர்க்காரர் ஒருவரோடு பிக் ஒய் ஒப்பிட்டால் மட்டுமே தெரியும். ஆம்பூர், வாணியம்பாடிக் குடும்பங்களில் சொல்லப்படும் அரபு வழிக்கும் இதே முறைதான். ஜே1 என்ற எழுத்து மட்டும் போதாது, அதன் கடைசி உட்கிளை எங்கே பரவியிருக்கிறது என்று ஒய்ஃபுல் தளத்தின் ஒய் கிளை மரத்தில் பாருங்கள்.

கணக்கைப் பாதுகாப்பது

ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்: எதற்கு எடுக்கிறோம், எதிர்பாராத உறவு தெரியவந்தால் சொல்ல வேண்டுமா வேண்டாமா, இறந்த பின் கணக்கு யாருக்கு. பிள்ளைகளைச் சோதிக்க வேண்டாம். 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன, 2025 மார்ச்சில் அது திவால் மனு போட்டது. ஆகவே உண்மைப் பெயருக்குப் பதில் முதலெழுத்து, தனி மின்னஞ்சல், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல், இரண்டடுக்கு உறுதிப்பாடு. ஜெட்மேட்சில் காவல்துறை ஒப்பீட்டுக்கு அனுமதி உண்டா இல்லையா என்ற தேர்வைப் படித்துப் பார்த்து அழுத்துங்கள். வேலை முடிந்ததும் மூலக் கோப்பைப் பென் டிரைவிலும் இன்னொரு வன்தட்டிலும் சேமியுங்கள். கோப்பு திறக்கிறதா, 22 குரோமோசோமும் அதில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, மாதிரியை அழிக்கவும் கணக்கை மூடவும் தனித்தனியாக விண்ணப்பியுங்கள். கணக்கை மூடினால் எச்சிலும் அழிந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். பல நிறுவனங்களில் அவை இரண்டும் வேறு வேறு கோரிக்கைகள்.